கல்லடிக் கெளிறுத் தொட்டி: விடியச்சாமத்துல மூச்சு முட்டின கேஸ்

பிரச்சினைய முதல்ல சொல்லிப்போட்டு மறுகா விளக்கத்துக்கு வாறன். மட்டக்களப்பு கல்லடியில சகலன்ட வீட்ட மூண்டடி மீன் தொட்டி ஒண்டு இரிக்கு, அதுல 8 கெளிறு (கெளுத்தி மாதிரி மீசை மீன்), ஒரு கூட்டம் கப்பி மீன், கொஞ்சம் மொலி மீன், தொட்டி நிறையப் பாசி. கப்பி ராவு ராவா குறையுது, ஆனா செத்த உடம்பு ஒண்டையும் காணல்ல. கெளிறு பகல் முழுக்க கல்லுக்கு கீழ ஒளிச்சுக் கிடந்து வயிறு ஒட்டிப் போகுது. மறுகா சூடான கச்சான் காத்து நல்லா அடிச்ச கிழமையில ஒரு நாள் விடிய எழும்பிப் பாத்தா ரெண்டு கெளிறு செத்துக் கிடக்கு, மத்ததெல்லாம் தண்ணிக்கு மேல வந்து வாயப் பிளந்து பிளந்து நிக்கிதுகள். எட்டு மணி ஆகக்குள்ள அதுகளே கீழ இறங்கிப் போய் ஒளிச்சிட்டுதுகள், ஒண்டுமே நடக்காத மாதிரி.

அந்தக் கடைசி விஷயத்த வீட்டுல ஒருத்தரும் பெரிசா எடுக்கல்ல. சகலன்ட பொடியன் டவுன்ல ஒரு கடையில போய் கேட்டிருக்கான், அவங்க மீனையும் பாக்கல்ல தண்ணியையும் பாக்கல்ல, வருத்தம்தான் எண்டு நீல மருந்து ஒரு போத்தலும் உப்பும் குடுத்து விட்டிருக்காங்க. ஊத்தி ரெண்டு நாளைக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். அதுக்குப் பிறகுதான் எனக்கு கோல் வந்த, "சித்தப்பா ஒருக்கா வந்து பாருங்களன்" எண்டு.

எனக்கு கோல்லயே பாதி விளங்கிட்டு. வருத்தம் வந்த மீன் காலையில சாகக் கிடந்து எட்டு மணிக்கு சுகமாகாது. விடியச்சாமத்துல வந்து வெளிச்சத்தோட போற பிரச்சினை எண்டா அது தண்ணியில இரிக்கிற பிரச்சினை, அதுவும் ராவுல மட்டும் நடக்கிற ஒண்டு. அதால பகல்ல வரமாட்டன், ராச்சாப்பாட்டுக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டன். கெளிறு வளக்கிற ஆக்கள்ல முக்கால்வாசிப்பேர் தொட்டிய பகல்லதான் பாக்காங்க, லைட்ட நிப்பாட்டினா தொட்டியும் முடிஞ்சுது எண்டு நினைக்காங்க. இந்த மீனுக்கு நாளே அப்பதான் தொடங்குது.

தொட்டி விபரம். 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒண்டேகால் அடி உயரம், முழுசா நிரப்பினா 106 லீற்றர் வரும், மண்ணையும் மேல விட்ட இடைவெளியையும் கழிச்சா 90 லீற்றர் அளவுதான் தண்ணி. கிணத்துத் தண்ணி, பைப் தண்ணி இல்ல, அதால குளோரின் சந்தேகத்த முதல்லயே விட்டிட்டன். பில்டர் எண்டு இரிக்கிறது எயார் பம்புல ஓடுற ஸ்பொஞ்ச் பில்டர் ஒண்டுதான். கீழ கொட்டியிரிக்கிறது உடைச்ச கருங்கல் சல்லி, முனையெல்லாம் கூரா. மேல கண்ணாடி மூடி, பூனைக்குப் பயந்து நல்லா இறுக்கமா போட்டிருக்கு.

மீன். கெளிறு எண்டு நாங்க ஒரே பேர்ல கூப்பிட்டாலும் எல்லாம் ஒண்டில்ல, எங்கட குளம் வாய்க்கால்ல இரிக்கிற சின்னக் கெளிறெல்லாம் மிஸ்டஸ் எண்ட சாதி, அதுக்குள்ள பல இனம். முந்தி இந்தியாவுல இரிக்கிற இனங்களோட சேத்துத்தான் இதுகளையும் எண்ணிட்டிருந்தாங்க, 2013 ல மிஸ்டஸ் சைலானிகஸ், 2016 ல மிஸ்டஸ் நானஸ் எண்டு இலங்கை மீனுக்கு தனித்தனியா பேர் வெச்சு விபரிச்சாங்க. பொடியன்ட தொட்டியில இருந்ததுல ஏழு மீன் உன்னிச்சைப் பக்கம் வயல் வாய்க்கால்ல அவன்ட கூட்டாளி வலை போட்டுப் பிடிச்சுக் குடுத்தது, உடம்பு நீளத்துக்கு கோடு ஓடுது, செவுளுக்குப் பின்னால கறுப்புப் பொட்டு, நானஸ் மாதிரிதான் தெரியுது, வளந்தாலும் விரல் நீளத்துக்கு மேல பெரிசாப் போகாத ஆள். எட்டாவது வேற. அத பிறகு சொல்லுறன், கேஸ்ல பாதி அவன்தான்.

ராவு சாப்பிட்டு முடிச்சு ஹோல் லைட்டையும் தொட்டி லைட்டையும் நிப்பாட்டிப்போட்டு, டோர்ச்சுக்கு சிவப்பு செலோபன் பேப்பர ரெண்டு மூண்டு சுத்து சுத்தி கதிரையப் போட்டு இருந்தம். வெள்ளை வெளிச்சம் அடிச்சா ஓடி ஒளிக்கும், சிவப்பு எண்டா அவ்வளவா கணக்கெடுக்காதுகள். கொஞ்ச நேரம் ஒண்டுமில்ல. மறுகா கல்லுக்கு கீழ இருந்து முதல்ல மீசை மட்டும் வெளிய வருது. கெளிறுக்கு நாலு சோடி மீசை, மேல்வாய் மீசைதான் ஆக நீளம், அத முன்னால நீட்டி இடமும் வலமுமா தடவிப் பாத்துப்போட்டுத்தான் தலையையே வெளிய எடுக்குது. ஒண்டு வந்தா அடுத்தது பின்னால, கொஞ்ச நேரத்துல எல்லாம் முன் கண்ணாடியோட ஓடுதுகள், பகல் முழுக்க செத்தது மாதிரி கிடந்த மீன்தான் இதெண்டு நம்ப ஏலாது. பொடியன் வாயப் பிளந்திட்டான். அவ்வளவு நாளா வளக்கிறான், தன்ட மீன் நீந்துறத அண்டைக்குத்தான் முதல் முதலா பாக்கான்.

டோர்ச்ச கிட்ட கொண்டு போனா மீசையில பாதி மொட்டையா இரிக்கு, நுனி தேஞ்சு வெள்ளையா. கூர்க்கல்லுக்குள்ள ராவெல்லாம் தடவித் தீனி தேடினா அப்படித்தான் வரும். தீனியும் அங்க இல்ல. பொடியன் போடுறது பகல்ல, மிதக்கிற தீனி, அத கப்பியும் மொலியும் மேலயே முடிச்சிரும், மிஞ்சுறது கல்லுக்கு இடையில போய் ஊறி அழுகும். ஆக, மேல் மீனுக்கு ஊட்டி கீழ் மீனப் பட்டினி போட்டிருக்கு. பட்டினியில கிடக்கிற கெளிறுக்கு முன்னால, பாசியில சாஞ்சு அசையாம நிக்கிற கப்பிக்குஞ்சு எண்டா விடுமா. எங்கட கண் முன்னாலயே ஒண்டு போச்சு, சத்தமே இல்ல, வாய் திறந்துது, குஞ்சக் காணல்ல. செத்த உடம்பு கிடைக்காத மர்மம் அதோட முடிஞ்சுது.

ஒன்பதரை இரிக்கும், மாமி உள்ளுக்கிருந்து வந்தா. நேரா தொட்டிக்குப் பக்கத்துல போய் சுவிச்ச நிப்பாட்டிப்போட்டுத் திரும்புறா. பம்ப் நிண்டிட்டு, குமிழி நிண்டிட்டு.

"மாமி, என்ன செய்யிறீங்க?"

"அந்தப் பெட்டி உர்ர்ர் எண்டு ராராவாக் கத்துது மருமகன், எனக்கு கண்ண மூடேலாம கிடக்கு. மீனும் படுக்கத்தானே வேணும்."

எவ்வளவு நாளா எண்டு கேட்டன். தொட்டி வந்த நாள்ல இருந்தே அப்படித்தானாம், விடிய ஆறு மணிக்கு மச்சாள் எழும்பி திரும்பப் போடுவாவாம். வீட்டுல எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் அத ஒரு விஷயமா நினைக்கல்ல, அதால கடைக்காரனுக்கும் சொல்லல்ல எனக்கும் சொல்லல்ல. மாமியில பிழை சொல்ல ஏலாது. பம்ப் மேசைப் பலகையில நேரா குந்தியிருந்தது, பலகை அதிர்ந்து அதிர்ந்து பெட்டி மாதிரி சத்தத்த பெரிசாக்குது, மாமிட கட்டில் சுவருக்கு அங்கால.

இப்ப கணக்கப் பாருங்க. பாசிக்கு வெளிச்சம் இரிக்கும் வரைக்கும்தான் ஒட்சிசன் விடும். லைட் போனா அதுவும் மீன் மாதிரித்தான், ஒட்சிசன எடுத்து காபனீரொட்சைட்ட விடும். பொடியன்ட தொட்டியில மீன விட பாசி கூட, அடியில அழுகுற தீனியில இரிக்கிற கிருமிகளும் சேந்து இழுக்குது. தண்ணியில கரைஞ்ச ஒட்சிசன் ராவு முழுக்க இறங்கி இறங்கி சூரியன் வாறதுக்கு கொஞ்சம் முதல் ஆகக் குறைஞ்ச இடத்துக்கு வரும். குளத்துலயும் இதேதான், விடியச்சாமத்துல மீன் மேல வந்து வாய் பிளக்கிறத எங்கட ஆக்கள் கண்டிருப்பாங்க. இதுக்கு மேல கச்சான். 20 டிகிரி தண்ணி லீற்றருக்கு 9.1 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், 30 டிகிரிக்கு ஏறினா 7.6 தான் பிடிக்கும், அதுவும் காத்தோட நல்லாக் கலந்து முழுசா நிரம்பினாத்தான். அண்டைக்கு ராவு 10 மணிக்கே தொட்டித் தண்ணி 31. சூடு ஏற மீனுக்கு மூச்சும் கூடத் தேவை. இதுல கெளிறு ராவுல படுக்கிற மீனும் இல்ல, அந்த நேரத்துலதான் ஓடியாடித் திரியுது. கப்பி அசையாம நிக்கிற நேரத்துல இவன் வேலை செய்யிறான், வேலை செய்யிற நேரத்துல காத்த வெட்டிப்போட்டம். சுங்கான் மீனுக்கு இரிக்கிற மாதிரி காத்துப் பிடிக்கிற பையும் இவனுக்கு இல்ல. கப்பி தப்பினதுக்கு காரணம் அதுட வாய் மேல பாத்து இரிக்கிறதால தண்ணிட மேல் தோலோட இரிக்கிற நல்ல தண்ணிய சுகமா எடுக்கும், கெளிறுட வாய் கீழ பாத்து இரிக்கு.

இன்னொண்டு, குமிழிதான் ஒட்சிசன் குடுக்குது எண்டு கனபேர் நினைக்காங்க. குமிழிக்குள்ள இருந்து கரையிறது கொஞ்சம்தான், குமிழி அடித்தண்ணிய மேல கொண்டு வந்து மேல் தோல உடைச்சு விடுறதுதான் பெரிய வேலை. பம்ப் நிண்டா அதுவும் நிண்டிட்டு, மேல எண்ணெய் மாதிரி ஒரு ஆடை படிஞ்சு, அதுக்கு மேல இறுக்கின கண்ணாடி மூடி வேற.

பில்டரும் அதே பம்புலதான் எண்டு சொன்னன்தானே. மீன்ட கழிவுல வாற அமோனியாவ நைட்ரைட்டாவும் அத நைட்ரேட்டாவும் மாத்துற பக்டீரியா ஸ்பொஞ்சுக்குள்ளதான் குடியிரிக்கு, அதுகளுக்கும் ஒட்சிசன் வேணும். ராவு முழுக்க தண்ணி ஓடாத ஸ்பொஞ்சுக்குள்ள அதுகள் எப்படிப் பிழைக்கும். இதுக்கு மேல கடையில குடுத்த அந்த நீல மருந்து, மெதிலீன் புளூ, அது நல்ல பக்டீரியா கெட்ட பக்டீரியா எண்டு பாக்காது. டெஸ்ட் கிட்டுல அமோனியா 0.5 பிபிஎம் காட்டுச்சு. பின்னேரம் பொடியன் எடுத்து வெச்ச பிஎச் (தண்ணிட அமில கார அளவு) 8.2, நான் அங்கயே தங்கி விடியச்சாமம் எடுத்தது 7.4. இந்தளவு ஏறி இறங்கினா அது பாசி கூடிப்போன தொட்டி எண்டதுக்கு அடையாளம், பகல்ல பாசி காபனீரொட்சைட்ட இழுக்க பிஎச் ஏறும், ராவுல விட இறங்கும். அமோனியாட நஞ்சும் பிஎச்சோடதான் ஏறுது, 30 டிகிரி தண்ணியில பிஎச் 7 எண்டா நூத்துல ஒரு பங்குக்கும் குறைவுதான் நஞ்சான வடிவத்துல இரிக்கும், பிஎச் 8 எண்டா 7 பங்குக்கு மேல. ஆகவே பின்னேரம் அமோனியா அடிக்குது, விடியச்சாமம் ஒட்சிசன் இல்லாம அடிக்குது, செவுள் ரெண்டு பக்கத்தாலயும் வாங்குது.

வேற சந்தேகங்களையும் பாத்தம். வெள்ளைப்புள்ளி இல்ல, செட்டை ஒடுங்கல்ல, தோல்ல சளி ஆடை இல்ல. ஹோல்ல ராவுல நுளம்புக் கொயில் கொளுத்துறாங்க, பம்ப் அந்தப் புகைய இழுத்து தண்ணிக்குள்ள விட்டா மீன் சாகலாம், ஆனா இங்க கொயில் எரியிற நேரத்துல பம்பே ஓடல்ல. அதால அந்தச் சந்தேகம் விழுந்திட்டு, ஆனா இனி ராவுலயும் பம்ப் ஓடப்போகுது எண்டதால கொயில அறைக்குள்ள மாத்தச் சொன்னன்.

செஞ்சது என்ன எண்டா, முதல்ல சத்தம். மாமிட நித்திரைக்கு வழி பண்ணாம பம்ப ராவுல ஓட விடு எண்டு சொன்னா ரெண்டு நாளைக்குத்தான் நடக்கும். பழைய சைக்கிள் டியூப்ப பட்டி மாதிரி வெட்டி, விறாந்தைப் பக்கம் ஜன்னலுக்கு மேல ஆணி அடிச்சு, பம்ப சுவர்ல படாம அதுல தொங்க விட்டம், குழாய ஜன்னலால உள்ளுக்கு எடுத்தம். ரப்பர் அதிர்வ விழுங்கிரும், சத்தம் போயிட்டு. பம்ப் தண்ணி மட்டத்துக்கு மேல இரிக்க வேணும், கறண்ட் போனா தண்ணி குழாயால திரும்பி வந்து பம்புக்குள்ள போகும், அத மறிக்கிறதுக்கு சின்ன வால்வ் ஒண்டு மலிவா வாங்கலாம், அதையும் போட்டம். 2022 ல 13 மணித்தியாலம் வரைக்கும் கறண்ட் வெட்டின காலத்துல கனபேர் வாங்கின பெட்டரி பம்ப் ஒண்டு அவங்கட அலுமாரிக்குள்ளயே தூங்கிட்டிருந்தது, அத கழுவி சார்ஜ் பண்ணி பக்கத்துல வெச்சம்.

பாசியில பாதிய அள்ளி வெளிய. மூடிய ஒரு பக்கம் விரலளவு தூக்கி வலைத்துண்டு. நீலத் தண்ணி போகும் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி மாத்தினம், ஒரேயடியா மாத்தல்ல, சூடும் பிஎச்சும் சட்டெண்டு மாறினா மிச்ச மீனும் போயிரும். மருந்து இனி ஒண்டுமே ஊத்த வேணாம் எண்டு கண்டிப்பா சொன்னன். கெளிறுக்கு செதில் இல்ல, தோல் நேரா தண்ணியில, செதில் மீனுக்கு சரியா இரிக்கிற அளவு இவனுக்கு கூடிப்போகலாம். உண்மையா வெள்ளைப்புள்ளி வந்தாலும் பாதி அளவுல தொடங்கிப் பாக்கிறதுதான் நான் செய்யிறது.

சல்லிய அள்ளிப்போட்டு ஆத்து மணல் போட்டம். கல்லடியில இரிக்கிறவனுக்கு கடற்கரை மணல் கைக்கெட்டின தூரத்துல, ஆனா அதுல சிப்பித்தூள் கலந்து கிடக்கு, கரைஞ்சு பிஎச்ச ஏத்தும், இங்க கிணத்துத் தண்ணி ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் நிக்கிது. ஒளிக்கிறதுக்கு உடைஞ்ச கூரை ஓடும் ரெண்டு மூண்டு மூங்கில் குழாயும், மீனுக்கு ஒண்டுக்கு மேல இடம் இரிக்க வேணும், இல்லாட்டி ராவுல இடத்துக்கு அடிபாடு. நல்ல ஒளிப்பிடம் இருந்தா பகல்லயும் தலைய நீட்டிட்டு இரிக்கும், ஒளிக்க இடமில்லாத மீன்தான் கல்லுக்கு அடியில புதைஞ்சு கிடக்கும். தீனி லைட் நிப்பாட்டின பிறகுதான், மூழ்குற தீனி, கிழமையில சில நாள் வெட்டின மண்புழு, சந்தையில கூனி இறால் வந்தா அதுல ஒரு சிட்டிகை கழுவிப்போட்டு. கடைசியா பகல் தீனி கப்பிக்கு குறைச்சுப்போடு எண்டு சொல்லப்போக, மச்சாள் கப்பி முழுக்க வாசல்ல இரிக்கிற சீமெந்துத் தொட்டிக்கு மாத்திட்டா, நுளம்புக்கும் நல்லம் எண்டு. அது நான் சொன்னத விட நல்ல முடிவு.

இப்ப எட்டாவது ஆள். மத்ததெல்லாம் கோடு போட்ட குட்டையன், இவன் மட்டும் வெள்ளி நிறம், கோடில்ல, ரெண்டு பங்கு பெரிசு. நாவற்குடாப் பக்கம் வாவியில தூண்டில்ல பட்டது எண்டு பொடியன் பிறகு மெல்லச் சொன்னான். முதுகுல பெரிய செட்டைக்குப் பின்னால வாலுக்குக் கிட்ட முள்ளில்லாத கொழுப்புச் செட்டை ஒண்டு இரிக்கும், அதப் பாத்தா பிடிபடும். வாய்க்கால் கெளிறுல அது இத விட கொஞ்சம் நீளம், இவன்ட சின்னதா ஒரு துண்டு மாதிரி தனிய நிக்கிது. மிஸ்டஸ் குலியோ, வாவியில உப்புத் தண்ணி கலந்த இடத்துல வளந்து கறிக்கு வாற கெளிறு. இந்தத் தொட்டியில அவன விட்டா அடுத்தது சின்னக் கெளிறுகளையே விழுங்கப் பாப்பான். கப்பியிலயும் பெரிய பங்கு அவன்ட வயித்துக்குள்ளதான் போயிரிக்கும்.

அவன வெளிய எடுக்கக்குள்ள பொடியன் வலையத் தூக்கிட்டு வந்தான், நான் விடல்ல. கெளிறுக்கு முதுகுல ஒரு முள், பக்கச் செட்டையில ஒவ்வொண்டு, பயந்தா மூண்டையும் விரிச்சு பூட்டிரும், பக்க முள்ளுல அரம் மாதிரி பல் இரிக்கு, வலையில சிக்கினா மீனப் பிய்க்காம எடுக்க ஏலாது. பெரிய பிளாஸ்டிக் ஜக்க தண்ணிக்குள்ள சரிச்சுப் பிடிச்சு மெல்ல ஓட்டி உள்ளுக்கு எடுத்தம், அதுக்குள்ள போயும் கிறீச் கிறீச் எண்டு கத்துறான், அது முள்ளுட அடிமூட்டு உரசுற சத்தம். கையில குத்தினா கடுப்பு எடுக்கும், தாங்கக்கூடிய சூட்டுல வெந்நீருக்குள்ள கைய வெச்சா கடுப்பு இறங்கும், ஆழமா குத்தியிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்பு ஊசியையும் பாத்துக்கொள்ள வேணும். ஆள் இப்ப ஆரையம்பதியில தெரிஞ்ச ஒருத்தர்ட சீமெந்துக் குளத்துல. வாவிக்கே திரும்ப விடுவமா எண்டு பொடியன் கேட்டான், கடை மீனோட ஒரே தண்ணியில இருந்தவன திரும்ப விடப்படாது, என்ன கிருமியக் கொண்டு போறான் எண்டு ஆருக்குத் தெரியும். டேங்க் கிளீனர் எண்டு வாங்கி வளந்த பிறகு குளத்துல எறிஞ்ச மீன் இப்ப நாட்டுல குளம் குளமா பரவிக் கிடக்கிறது காணும்.

பம்ப் ராவுல ஓடத் தொடங்கின அடுத்த விடியவே ஒண்டும் மேல வரல்ல. மருந்தும் இல்ல மாயமும் இல்ல, சுவிச்தான். அமோனியா இறங்க கொஞ்சம் கூட நாள் எடுத்துது, ஸ்பொஞ்சுல பக்டீரியா திரும்பப் பிடிக்க வேணும்தானே, அதுவரைக்கும் தீனியக் குறைச்சு தண்ணிய அடிக்கடி மாத்தினான். வயிறு உருண்டு வர மீசையும் மெல்ல வளருது, ஒண்டு ரெண்டுல மட்டும் மொட்டை அப்படியே நிக்கிது. மிஞ்சின அஞ்சும் பின்னேரம் லைட் மங்கக்குள்ளயே ஓட்டுக்கு வெளிய வந்து நிக்குதுகள், தீனி நேரத்தப் பழகிட்டுதுகள்.

மாரி தொடங்கி மழைத் தண்ணி கொஞ்சம் சேத்து விட்டதுல ரெண்டு மீனுக்கு வயிறு நல்லாப் பருத்துது, முட்டைதான் எண்டு நினைக்கன், கெளிறு மழையோட வெள்ளம் வயலுக்குள்ள ஏறக்குள்ள முட்டை விடுற மீன். தொட்டியில ஒண்டும் விடல்ல, நானும் எதிர்பாக்கல்ல. பொடியனுக்கு இப்ப வேற ஆசை, போன கிழமை கோல் எடுத்து "சித்தப்பா, சுங்கான் ஒண்டு விடுவமா" எண்டான். அது ஒரு அடி நீளத்துக்கு வளரும், குத்தினா கெளிறு குத்தினது ஒண்டுமில்ல எண்டு தோணும், இந்த அஞ்சையும் ஒரே ராவுல முடிச்சுப்போடும், வேணுமெண்டா தனித் தொட்டி எண்டன். நாலடிக் கண்ணாடி என்ன விலை எண்டு விசாரிச்சிட்டுத் திரியிறானாம், மாமி அந்தத் தொட்டிக்கும் பம்ப் விறாந்தையிலதான் எண்டு இப்பவே சொல்லிப்போட்டா.